ஒருக்கா சொன்னாப் பத்தாதா?

2001 மார்ச் மாதக் கடைசி. மில் ஆபீஸ்களில் கணக்கு முடிக்கிற அந்த வாரத்தில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எங்கள் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் நேராக என் மேஜைக்கு வந்து இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மெயிலின் பிரிண்ட். பம்பாய் போயிருந்த டைரக்டர் அனுப்பியது. நிலுவைப் பட்டியல் மாலைக்குள் வேண்டும் என்று ஒரே வரி.

“ஏனுங் தம்பி, எனக்கென்ன காது கேக்காதா? ஒருக்கா சொன்னாப் பத்தாதா? இருவத்தாறு வருசமா இந்த மில்லுல இருக்கறனுங்க. பெரியய்யா காலத்துலகூட இப்படி ரெண்டு தடவ அதட்டுனதில்ல.”

டைரக்டர் அதட்டவில்லை, ஒரு தடவைதான் அனுப்பியிருப்பார், மிஷின்தான் இரண்டாகக் கொடுத்துவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. “மிசின் எதுக்குங்க ரெண்டு தடவ குடுக்குது? அதுக்கென்ன பைத்தியமா?”

நியாயமான கேள்வி. கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் மெயிலைக் கட்டி மேய்க்க என்னை வைத்திருந்தார்கள். மிஷினுக்காகப் போட்ட ஏசி அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். மில்லில் எனக்குப் பெயர் கம்ப்யூட்டர் தம்பி. அவர் கேட்டதற்கு முழுப் பதில் அன்று என்னிடம் இல்லை. பாதிப் பதிலைக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. மீதிப் பாதிக்குச் சில வருடம் ஆயிற்று.

பாதிப் பதில் இது. எங்களுக்கு அப்போது டயல்-அப் இணைப்புதான். ஒரு நாளைக்கு மூன்று வேளை மோடம் போன் போட்டுக் கீச்சுக்கீச்சென்று கத்தி இணைந்து, வெளியே இருக்கிற சர்வரிலிருந்து எங்கள் கடிதங்களை இறக்கிக்கொள்ளும். இறக்குவதற்கான விதிமுறைக்குப் பாப்3 என்று பெயர். 1996 மே மாதம் வெளிவந்த ஆர்எஃப்சி 1939 அதன் சட்டப் புத்தகம். அதில் ஒரு விதி: ஒவ்வொரு கடிதத்தையும் வாங்கியபின் ‘இதை அழித்துவிடு’ என்று நீங்கள் சொன்னாலும் சர்வர் உடனே அழிக்காது, குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். எல்லாம் முடிந்து ‘போய்ட்டு வர்றேன்’ என்று முறையாக விடைபெற்றால்தான் மொத்தமாக அழிக்கும். சொல்லாமல் கொள்ளாமல் லைன் போய்விட்டால் எதையும் அழிக்காது. 40 கடிதத்தில் 39 இறங்கிய பிறகு லைன் அறுந்தாலும் அடுத்த முறை நாற்பதும் முதலிலிருந்து வரும்.

மில்காரர்களுக்கு இதை லாரியை வைத்து விளக்கிப் பார்த்தேன். சரக்கு முழுக்க இறக்கிவிட்டு கேட் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாமல் போய்விட்டால், அனுப்பியவர் கணக்கில் சரக்கு வந்து சேரவில்லை. குடோன் இன்சார்ஜ் மடக்கினார்: “அதுக்காக எறக்கின மூட்டை மறுபடி லாரில ஏறிக்குமாங்க?” ஏறாது. மூட்டை ஒன்று இரண்டாக ஆகாது, கடிதம் ஆகும். நாம் அனுப்புகிறோம் என்று நினைப்பது எல்லாமே நகல் எடுத்துக் கொடுப்பதுதான். அசல் அனுப்பியவரிடமே இருக்கிறது, அடுத்த ஆள் ‘கிடைத்தது’ என்று சொன்ன பிறகே அதை விட்டுத்தர அவர் சம்மதிப்பார்.

2003-இல் லீஸ்டு லைன் வந்தது, மில்லுக்கே சொந்தமாக லினக்ஸ் சர்வர் வைத்தோம். இனி இரட்டைக் கடிதத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடம் போய்ப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “பாக்கலாங்க” என்றார்.

நான்கு மாதத்தில் திருப்பூர் பார்ட்டி ஒருவருக்கு லாரி கிளம்பியது. நாற்பதாம் நம்பர் கோம்டு நூல், 40 மூட்டை. அவர் கேட்டது 20. ‘வழக்கம்போல் 20 மூட்டை, அவசரம்’ என்று எழுதியிருந்தார். ஆர்டர் நம்பர் போடும் பழக்கம் அவரிடம் கிடையாது. அந்த மெயில் பன்னிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை வந்திருந்தது. டெஸ்பாட்ச் கிளார்க் யோசித்திருக்கிறார்: பார்ட்டிக்கு இரண்டு யூனிட் இருக்கிறது, யூனிட்டுக்கு இருபதாக இருக்கும். அவர் யோசித்ததில் எனக்கு இன்றும் குறை தெரியவில்லை. ஒரே வார்த்தை இரண்டு முறை வந்தால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் மனித புத்தி. மேனேஜருக்கு அது கோபமாகப் பட்டது, கிளார்க்குக்கு இரண்டாவது ஆர்டராக.

“என்ற குடோன்ல நிக்க எடமில்லீங்க, நூலை எங்க வைக்கட்டும்?” என்று திருப்பூரிலிருந்து போன் வந்தபோது என்னைத்தான் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்கள். (அடுத்த பதினைந்து நாளில் நூல் விலை ஏறிவிட்டது. அதே பார்ட்டி கூப்பிட்டு, அடுத்த தடவையும் இரண்டாகவே அனுப்பச் சொன்னார். அது வேறு கதை.)

அன்று இரவு இரண்டு சர்வர்களும் நடந்ததை எழுதிவைக்கிற லாகையும் எதிரெதிரே வைத்துப் படித்தேன். திருப்பூர்க்காரரின் மெயிலைச் சுமந்து வந்த சர்வரின் நிர்வாகி நல்ல மனிதர், கேட்டதும் தன் பக்கத்து லாகை அனுப்பிவைத்தார். எங்கள் லாக் சொன்னது: பெற்றுக்கொண்டேன். அவர்கள் லாக் சொன்னது: பதில் இல்லை, பிறகு முயல்வேன். இரண்டும் ஒரே கடிதத்தைப் பற்றி, ஒரு நிமிட வித்தியாசத்தில் எழுதப்பட்டவை. இரண்டில் ஒன்றும் பொய்யில்லை.

ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் கடிதம் கொடுப்பது ஒரு உரையாடல். எஸ்எம்டிபி என்கிற அந்த உரையாடலின் இலக்கணத்தை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821 ஆக எழுதினார். நான் இன்னார், இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்கி, பிறகு கடிதத்தைக் கொட்டுவார்கள். முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. புள்ளியைப் பார்த்ததும் வாங்குகிறவர் 250 என்று சொல்ல வேண்டும். சரி, இனி இது என் பொறுப்பு என்று அர்த்தம். அந்தப் புள்ளிக்கும் அந்த 250-க்கும் நடுவில் இருக்கிற மௌனத்தில்தான் என் உத்தியோக வாழ்க்கையின் பாதி கழிந்தது.

எங்கள் சர்வர் புள்ளியைப் பார்த்ததும் 250 சொல்லாமல், கடிதத்தை வைரஸ் சோதனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நான்தான் அப்படி அமைத்திருந்தேன்; வாசலிலேயே சோதித்துவிடுவது நல்லதல்லவா? பழைய பென்டியம் மிஷின் அது. பெரிய இணைப்பு ஏதாவது வந்துவிட்டால் மூன்று நிமிடம் மூச்சு வாங்கும். இந்தப் புள்ளிக்குப் பிறகு பத்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும் என்று 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1123 அனுப்புகிறவருக்குச் சொல்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் யாரோ அதை இரண்டு நிமிடமாகக் குறைத்துவைத்திருந்தார்கள். இரண்டு நிமிடம் ஆனதும் அது இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாவது நிமிடத்தில் எங்கள் சர்வர் சோதனையை முடித்து, கடிதத்தைக் கிளார்க்கின் பெட்டியில் போட்டுவிட்டு, ஆளில்லாத வாசலைப் பார்த்து 250 என்றது. பத்து நிமிடம் கழித்து அதே கடிதத்தோடு அந்தப் பக்கம் மறுபடி கதவைத் தட்டியது.

இந்தக் கோளாறைப் பற்றி 1988 பிப்ரவரியிலேயே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. கிரெய்க் பார்ட்ரிட்ஜ், ஆர்எஃப்சி 1047. சில பக்கங்கள்தான். புள்ளி வந்ததும் வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டு உடனே பதில் சொல்லு, உன் வேலைகளைப் பிறகு பார்த்துக்கொள் என்பதே அதன் சாரம். வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு உள்ளே போய் நகை சரிபார்க்கிற மாமியார் போல என் சர்வர் நடந்துகொண்டிருக்கிறது. சோதனையை 250-க்குப் பின்னால் தள்ளினேன். இரட்டை வருவது நூறில் ஒன்றாகக் குறைந்தது. அடியோடு நிற்கவில்லை.

நிற்கவும் நிற்காது. அதுதான் மேனேஜர் கேட்ட கேள்வியின் மீதிப் பாதி. 250 என்ற அந்தச் சொல்லே வழியில் தொலைந்துபோகலாம். வாங்கினவர் வாங்கிவிட்டார், கொடுத்தவருக்குத் தெரியாது. ‘என் பதில் கிடைத்ததா’ என்று கேட்டால் அந்தக் கேள்விக்கான பதிலும் தொலையலாம். 1978-இல் ஜிம் கிரே இதை இரண்டு தளபதிகளின் கதையாக வைத்துப் பெயர் கொடுத்தார்: தனித்தனி முகாம்களில் படையோடு நிற்பவர்கள், நடுவில் தூதுவன் வழியிலேயே தொலைந்துபோகக்கூடிய தூரம். எத்தனை தூது போனாலும் இருவருக்கும் முழு நிச்சயம் வராது என்பதற்கு நிரூபணம் இருக்கிறது.

எனக்குத் தளபதிகள் தேவைப்படவில்லை. போன் இல்லாத காலத்தில் எங்கள் ஊரில் எழவு சேதி சொல்ல ஆள் அனுப்புவார்கள் என்று அப்பத்தா சொல்லும். தாய்மாமன் வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. சேதி போய்ச் சேர்ந்து, அங்கேயே அவர்களோடு கிளம்பி வந்துகொண்டிருக்கலாம். அல்லது ஆற்றில் தண்ணீர் வந்து அக்கரையிலேயே நிற்கலாம். இங்கே இருப்பவர்களுக்கு எது என்று தெரியாது, மாமன் வராமல் எடுக்கவும் முடியாது. இன்னொருவனை அனுப்புவார்கள். மாமன் வீட்டில் இரண்டு பேர் அடுத்தடுத்து வந்து அதே சேதியைச் சொல்வார்கள். செத்தது ஒருத்தரா ரெண்டு பேரா என்று யாரும் கேட்டதாக அப்பத்தா சொன்னதில்லை. சேதி போகாமல் விடுவதைவிட இரண்டு முறை போவது மேல் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. மெயிலை வடிவமைத்தவர்களும் அதே முடிவைத்தான் எடுத்திருக்கிறார்கள்: சந்தேகம் வந்தால் மறுபடி அனுப்பு.

கல்யாணப் பத்திரிகையில் கணக்கு இன்னும் விசித்திரம். தபாலில் ஒன்று வந்து, பிறகு ஆளும் நேரில் வந்து வைத்தால்தான் மரியாதை. “பத்திரிகை வந்துச்சு, ஆள் வரல” என்று ஆயுசுக்கும் மனத்தாங்கல் வைத்திருக்கிற பெரியப்பாக்கள் எங்கள் சொந்தத்தில் உண்டு. அவர்களே மெயிலில் ஒரே கடிதம் இரண்டு முறை வந்தால் முகம் சுளிப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் 2004-இல் ஒரு முட்டாள்தனத்தைச் செய்தேன்.

ஒவ்வொரு மெயிலின் தலையிலும் மெசேஜ்-ஐடி என்று ஒரு அடையாளம் இருக்கும். உலகத்தில் வேறெந்தக் கடிதத்துக்கும் அது இருக்கக் கூடாது என்பது ஏற்பாடு. பெறுகிறவர் தன்னிடம் வந்த ஐடிகளை ஞாபகம் வைத்துக்கொண்டு, தெரிந்த ஐடி மறுபடி வந்தால் தள்ளிவிடலாம். புரோக்மெயில், ஃபார்மெயில் என்ற இரண்டு நிரல்களை வைத்து இதை இரண்டு வரியில் செய்யலாம். யுனிக்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் மனப்பாடமான சூத்திரம் அது. ஆள் ஒருவருக்கு 8,192 பைட் ஞாபகம். நிறைந்தால் பழையது போய்ப் புதியது வரும். எல்லார் பெட்டிக்கும் போட்டேன். இரட்டையாக வருவதை ஒரு ஓரத்தில் சேர்த்துவைத்திருக்கலாம். நான் நேராகக் குப்பைக்கு அனுப்பினேன், சுவடே இல்லாமல். சுத்தமாக இருக்க வேண்டும் என்ற ஆசை.

ராஜபாளையத்தில் எங்களுக்கு இன்னொரு யூனிட் இருந்தது. அங்கிருந்து தினமும் காலை 8 மணிக்குப் பஞ்சு இருப்புக் கணக்கு ஸ்பின்னிங் மேனேஜருக்கு மெயிலில் வரும். அது கொஞ்ச நாளாக வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறது என்று அவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் சொல்லவில்லை. இது கம்ப்யூட்டர் சமாச்சாரமாக அவருக்குத் தோன்றவில்லை. ராஜபாளையத்து ஆள் தன்னை மதிக்கவில்லை என்று தோன்றியது. போன் போட்டு, கணக்கு அனுப்பக்கூட நேரமில்லையா என்று கேட்டிருக்கிறார். நாள் தவறாமல் அனுப்புகிறேன், படிக்காமல் விட்டுவிட்டு என்னைக் கேட்கிறீர்களா என்று அவர் திருப்பியிருக்கிறார். இரண்டு பேரும் சொன்னது உண்மை, என் இரண்டு லாகுகள் மாதிரியே. மூன்று வாரம் அவர்களுக்குள் பேச்சு நின்றது. பஞ்சு விஷயம் டிரைவர் மூலமாகத் துண்டுச் சீட்டில் போய்க்கொண்டிருந்தது.

யதேச்சையாகத்தான் தெரியவந்தது. ராஜபாளையத்தில் அந்தக் கணக்கை அனுப்பும் நிரலை எழுதிய பையன், மெசேஜ்-ஐடி இல்லாவிட்டால் சில சர்வர்கள் சந்தேகப்படுகின்றன என்று கேள்விப்பட்டு ஒன்றைச் செய்து ஒட்டியிருந்தான். ஒரே ஒன்று. தினமும் அதே ஐடி. என் காவல் நிரல் முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து, ‘நீ நேற்றே வந்துவிட்டாய்’ என்று தள்ளிக்கொண்டிருந்தது. ஏழெட்டு நாளில் ஞாபகம் நிறைந்து அந்த ஐடி உதிர்ந்ததும் ஒருநாள் உள்ளே விடும். வாரம் ஒரு கணக்கு வந்த ரகசியம் அதுதான்.

ஸ்பின்னிங் மேனேஜரிடம் உடனே சொல்லிவிட்டேன். திட்டினார், அதோடு போயிற்று. ராஜபாளையத்துக்காரரிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை, பஸ் ஏறி நேரில் போனேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, “ஏம்ப்பா, நான் அனுப்புனத நீ கிழிச்சுப் போட்டிருக்க, அந்த மனுசன நான் என்னென்னமோ பேசிட்டனே” என்றார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டார்கள். பழைய மாதிரி என்று சொல்ல முடியாது.

அன்றிலிருந்து எந்த இரட்டையையும் நான் அழித்ததில்லை. தனி ஃபோல்டரில் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவேன். இடம் அடைக்கிறது என்று ஆடிட்டில் கேட்டால், அடைக்கட்டும் என்பேன்.

பொங்கல் லீவில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ‘ஊரில் இல்லை, திங்கட்கிழமை வருவேன்’ என்று தானாகப் பதில் போடும் நிரல் ஒன்றை நானே எழுதி எம்.டி.யின் உதவியாளருக்குக் கொடுத்திருந்தேன். அவர் போகுமுன் பம்பாய் ஏஜென்ட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஏஜென்ட்டும் ஊரில் இல்லை, அவருக்கும் அதே மாதிரி ஒரு நிரல். அது பதில் போட்டது. இது அதற்குப் பதில் போட்டது. நான்கு நாள் இரண்டு காலி நாற்காலிகளும் ஒன்றுக்கொன்று ஊரில் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தன. நான் திரும்பி வந்தபோது 9,000 கடிதங்களுக்கு மேல் சேர்ந்து, டிஸ்க் நிறைந்து மில்லுக்கே மெயில் நின்றிருந்தது. ஒரே கடிதம் சுற்றிச் சுற்றி வந்தால் சர்வர் கண்டுபிடித்துவிடும், எத்தனை கை மாறியது என்று எண்ணும். இங்கே ஒவ்வொன்றும் புதுக் கடிதம். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

முகவரி தப்பித் திரும்பி வரும் கடிதத்தில் அனுப்புநர் இடம் வெறுமையாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபியில் விதி இருக்கிறது. திரும்பி வந்ததற்கு யாரும் திரும்ப எழுதிவிடக் கூடாது என்கிற முன்யோசனை. பெர்க்லி யுனிக்ஸில் பல வருடமாக இருந்த வேகேஷன் என்ற நிரல், ஒரே ஆளுக்கு வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் பதில் போடாது. 2004-இல் ஆர்எஃப்சி 3834 என்று இதற்கென்றே தனிச் சட்டமும் வந்தது. இத்தனை பேர் யோசித்து வைத்ததைப் படிக்காமல் அரை நாளில் சொந்தமாக எழுதியவன் நான்.

மில்லை விட்டுச் சென்னையில் ஒரு கம்பெனிக்குப் போனபோது எல்லோரும் ஜிமெயிலுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அங்கே தலைகீழான வியாதி. எல்லோருக்கும் போகும் பொது முகவரிக்கு ஒருவர் எழுதினால், அவருக்குத் திரும்பி வரும் நகலை ஜிமெயில் காட்டாது. நீயே அனுப்பியது, உன்னிடம்தான் இருக்கிறதே என்று மறைத்துவிடும். எழுதியவர் போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்புவார். அவரைத் தவிர அத்தனை பேருக்கும் இரண்டு வரும். “இவருக்கு ஏன் இவ்வளவு அவசரம்?” என்று கேண்டீனில் பேசிக்கொள்வார்கள்.

இப்போது கோயம்புத்தூருக்கே திரும்பிவிட்டேன். எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா டீக்கடை வைத்திருக்கிறார். கல்லாமேல் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி. போன மாதம் ஒருநாள் காலை, டீக்குப் பணம் போட்டேன். பெட்டி பேசவில்லை. என் போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“போட்டீங்களா இல்லீங்களா?”

“போட்டனுங்க்கா. பதில்தான் வரல.”

பின்னால் நான்கு பேர் நின்றார்கள். பொறுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், பத்து நிமிடம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். டீக்கடையில் பத்து நிமிடம் யார் விடுவார்கள்?

“அப்ப இன்னொருக்காப் போட்டுருங்க. ரெண்டும் வந்துச்சுன்னா நாளைக்குக் கழிச்சுக்கலாம்.”

போட்டேன். பெட்டி ஒரே ஒரு முறை பேசியது. மறுநாள் போனபோது, பாய்லருக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது: மெயில் சார், ஒரு டீ.